அழாமல் கேட்டவள்

அவளுடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுடைய தகப்பன் என்னை மன்னிக்கமாட்டார். அந்த மனுசன் பட்டது போதும்.

சிட்னியில், பென்டில் ஹில்லில், எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் தகப்பனும் மகளுமாகச் சில வருடங்கள் வாடகைக்கு இருந்தார்கள். தகப்பன் மன்னாரில் கடல்தொழில் செய்தவர். இங்கே கார் கழுவும் இடமொன்றில் வேலை. மகள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தாள். தாய் அவள் சின்னவளாக இருந்தபோதே காலமாகிவிட்டார். நான் வீட்டுக்குச் சொந்தக்காரி, அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளிடம் ஒன்றைக் கேட்டால், கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும்.

"பிள்ளை, சாப்பிட்டியோ?"

"ஓம் அக்கா."

பிறகு பார்த்தால் குசினியில் அவளுக்கு எடுத்துவைத்த சோறு அப்படியே கிடக்கும். "சாப்பிட்டனெண்டு சொன்னாய்?" என்று பாய்ந்தால், "காலமை சாப்பிட்டனான். எப்ப எண்டு நீங்கள் கேக்கேல்லையே" என்பாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டம் படிக்கப்போய் வந்த வியாதி என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை, அந்த வியாதியோடுதான் அவள் சட்டத்துக்கே போயிருந்தாள்.

ஸ்டேசனுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஒரு அன்ரி இருந்தார். கல்லாவில் நின்றபடியே வருகிறவர்களின் பூர்வீகத்தை எல்லாம் உருவி எடுத்துவிடுவார். அவரிடம் தப்பியவர்கள் ஊரிலேயே கிடையாது. ஒருநாள் இவளைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊர், எப்ப வந்தனீங்கள், படகிலோ பிளேனிலோ, விசா கிடைச்சிட்டுதோ என்று வரிசையாகக் கேட்டார். இவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்து, "அன்ரி, இந்தக் கருவாடு எந்த ஊர்?" என்றாள். அன்ரி திகைத்துப்போனார். வெளியே வந்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சொன்னால் சொன்னதுதான் அக்கா. திரும்ப வாங்கேலாது" என்றாள்.

அந்தப் பயம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்ததுதான். பதினைந்து வயதில் தகப்பனோடு படகில் வந்தவள். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தபோது இருவரையும் விசாரித்தார்கள். அன்றைக்குச் சொன்னதை வைத்துத்தான் அகதி வழக்கு. அதற்குப் பிறகு எந்த இடத்தில் எதைச் சொன்னாலும், முதலில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொய்யர் ஆகிவிடுவீர்கள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படி விழுந்திருக்கிறார்கள்.

அவர்களிடம் இருந்தது பிரிட்ஜிங் விசா. முதல் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். மேன்முறையீடு முடியும்வரை இங்கே நிற்கலாம், அவ்வளவுதான். இங்கே பிறந்த பிள்ளைகள் அரசாங்கத்திடம் கடன் வாங்கிப் படிப்பார்கள். இவளுக்குக் கடன் கிடையாது. வெளிநாட்டுப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கட்டும் கட்டணத்தைக் கட்டவேண்டும். கார் கழுவுகிறவர் அதை எங்கே கட்டுவது? அந்தப் பல்கலைக்கழகத்தில், அகதிகளாக வந்தவர்கள் சட்டம் படிப்பதற்கென்று ஒரு புலமைப்பரிசில் இருந்தது. வசதியான பழைய மாணவர்கள் போடும் நன்கொடையில் ஓடியது. இரண்டே இடம். ஒவ்வொரு வருடமும் திரும்ப விண்ணப்பிக்கவேண்டும். அது இருந்தால் அவளுக்குப் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. வேறு வழி ஒன்றுமே இருக்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு பகுதி: நீங்கள் அனுபவித்த துன்பங்களை விவரியுங்கள். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்களாம். இவள் நாலு வரி எழுதியிருந்தாள். இலங்கையிலிருந்து வந்தேன். தாய் இல்லை. தகப்பனுக்கு வருமானம் குறைவு. என் பரீட்சைப் பெறுபேறுகளை இணைத்துள்ளேன்.

வாசித்துவிட்டு எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எடியே, இது என்ன, தந்தி அடிக்கிறியோ? வாசிக்கிறவைக்கு நெஞ்சு கொஞ்சமாவது இளக வேண்டாமோ?"

"என்னத்துக்கு இளகவேணும்? நான் படிப்பனோ எண்டுதானே அவை பாக்கவேணும்?"

"உண்மையைத்தானே எழுதச் சொல்லுறன்."

"அழுதால்தான் தருவினமெண்டால் அது பரிசில் இல்லை அக்கா."

பெறுபேறுகள் நன்றாக இருந்ததால் அந்த நாலு வரியோடேயே கிடைத்தது. அடுத்த வருடமும் அதே நாலு வரி. அதற்கும் கிடைத்தது. அந்த நெஞ்சழுத்தத்தைப் பார்த்து எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மற்ற இடம் அச்சோல் என்ற பெண்ணுக்கு. தென் சூடானில் இருந்து வந்த குடும்பம், பிளக்டவுனில் இருந்தார்கள். நல்ல உயரம், நல்ல சத்தம், நல்ல சிரிப்பு. வீட்டுக்கு மூத்தவள், கீழே ஒரு படை தம்பி தங்கைகள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே படித்தாள். பரிசில் பணம் நின்றால் முழுநேர வேலைக்குப் போகவேண்டியதுதான், சட்டம் அத்தோடு சரி. எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னுடைய இறால் குழம்புக்கு மூக்கு வழிய வழியச் சாப்பிடுவாள். இரண்டு பேரும் என் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டை நேரத்தில் மட்டும்தான் இவள் வாய்விட்டுப் பேசி நான் கேட்டிருக்கிறேன்.

அச்சோலின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். அங்கே கறுப்பின மாணவர்கள் சட்டம் படிக்க அவர்களுடைய ஆட்களே தொடங்கிய நிதிகள் இருக்கின்றன என்று அச்சோல் சொன்னாள். பழைய கறுப்பின வழக்கறிஞர்கள் பணம் போடுவார்களாம். சில இடங்களில் ஒரு கேள்விதான் பெரிய கேள்வியாம்: படித்து முடித்து எங்கள் சனத்துக்கு என்ன செய்வாய்? இதைக் கேட்டதும் இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, பாத்தியளோ? அழச் சொல்லேல்லை. என்ன செய்வாய் எண்டு கேக்கினம்." அன்றைக்கு அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "எங்கட ஆக்களிட்ட காசில்லையோ? ஏன் எங்களுக்கு அப்பிடி ஒண்டு இல்லை?"

அடுத்த மாதமே ஒரு பிறந்தநாள் விழாவில் அதற்கு விடை கிடைத்தது. எங்கள் சொந்தக்கார டொக்டர் ஒருவர், ஊருக்குக் கோயில் மணி, பள்ளிக்கூடத்துக்கு மேசை கதிரை என்று அள்ளிக் கொடுக்கிறவர், வந்திருந்தார். இவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், சட்டம் படிக்கிற எங்கட பிள்ளையளுக்கு நாங்களே ஒரு நிதி தொடங்கினால் என்ன?"

"சட்டமோ பிள்ளை? மெடிசின் எண்டால் யோசிக்கலாம்."

"மெடிசின் படிச்ச பிள்ளை விசா கேஸ் பேசுமோ அங்கிள்?"

"அதுக்கு வெள்ளைக்கார லோயர்மார் இருக்கினம்தானே." டொக்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "ரோல்ஸ் சாப்பிட்டியளோ? நல்லாயிருக்கு, எடுங்கோ." அவள் நகர்ந்ததும் என்னிடம் குனிந்து, "ஆற்ற பிள்ளை? எந்த ஊர்? என்ன விசாவில நிக்கிது?" என்றார். சொன்னேன். "அப்ப அது படிச்சென்ன, விட்டென்ன" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஊர் கேட்டார், விசா கேட்டார். மார்க்ஸ் கேக்கேல்லை."

அவர் கேட்டது என்னிடம்தான் என்றாலும் அது அவள் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அந்த டொக்டரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. பிறகும் அவரை எத்தனையோ விழாக்களில் கண்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் கதைத்திருக்கிறேன். என்ன செய்வது, சொந்தக்காரர்.

மூன்றாம் வருடத்துக்கு விண்ணப்பிக்கவேண்டிய நேரம் வந்தது. பல்கலைக்கழகத்தில் அந்தப் பரிசிலைக் கவனித்துக்கொண்ட கெரொலின் என்ற பெண் இருவரையும் கூப்பிட்டாள். நன்கொடை குறைந்துவிட்டது, அடுத்த வருடம் ஒரு இடம்தான் என்றாள். பெறுபேறுகளைப் பார்த்தால் அது இவளுக்கு, அச்சோலுக்கு இல்லை. நன்கொடையாளர்களுக்கு வருடாந்தம் ஒரு மதிய விருந்து நடக்கும். மாணவர் ஒருவர் எழுந்து தன் கதையைச் சொன்னால் சிலவேளை நிதி சேரும். முந்தின வருடங்களில் அச்சோல்தான் சொன்னவள். அவளுடைய கதையை அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் இவள் குசினிக்குள் வந்து, "நான் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள்.

"என்னத்தை?"

"என்னட்ட இருக்கிறதை."

விருந்துக்கு விருந்தினர் ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார்கள். ஆசையாக ஒரு நல்ல சீலை உடுத்திக்கொண்டு போனேன். மண்டப வாசலில் வைத்து, "அக்கா, நீங்கள் உள்ள வரவேண்டாம்" என்றாள்.

"ஏன், என்ர சீலை சரியில்லையோ?"

"நீங்கள் தமிழ்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். போய் வெளியே மரத்தடி வாங்கில் இருந்தேன். விருந்து முடிந்து வந்து பக்கத்தில் இருந்தாள். அவளாகவே சொன்னாள்.

வில்லாவுட்டில் விசாரித்த அன்று மொழிபெயர்க்க வந்தவர் ஒரு தமிழர். தொடங்குவதற்கு முன் தகப்பனும் அவரும் மரியாதைக்கு நாலு வார்த்தை பேசியிருக்கிறார்கள். பார்த்தால் பக்கத்து ஊர், தகப்பனுடைய மச்சானைத் தெரிந்தவர். தகப்பனுக்கு ஒரே சந்தோசம். எங்கட ஆள், விளங்கிக்கொள்வார் என்றிருக்கிறார். மகளுக்கு அந்த நிமிடமே வாய் கட்டிப்போயிற்று. சீருடைக்காரர்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தார்கள் என்று தகப்பன் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அதுதான். இரண்டாம் முறையும் வந்தார்கள். அவர் கடலில் நின்ற நேரம், வீட்டில் அவள் தனியே. அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வாயால், தகப்பன் பக்கத்தில் இருக்க, அது இங்கிலீசாக மாறிப் போவதை அந்தப் பிள்ளை எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பாள்? ஒருமுறைதான் வந்தார்கள் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

"இண்டைக்கு அங்க ஒரு தமிழரும் இல்லை அக்கா. அதாலதான் சொல்ல முடிஞ்சது."

"அழுதியோ?"

"இல்லை. அவைதான் அழுதவை."

நிதி சேர்ந்தது. இரண்டு இடமும் தப்பின. அச்சோல் ஓடிவந்து என்னையும் சேர்த்துத் தூக்கிச் சுற்றினாள்.

ஆனால் இவளுடைய குணம் இவளை விடவில்லை. ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் மறைத்தால் அது பொய் என்று, தங்கள் வழக்குப் பார்த்த வழக்கறிஞரிடமும் அதை, விருந்தில் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, மேன்முறையீட்டில் சேர்க்கச் சொன்னாள். அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். வழக்கறிஞர் நல்ல மனுசி. வழக்குக்கு இதுதான் பலம் என்று அவரும் நம்பினார்.

அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. நிராகரித்திருந்தார்கள். வழக்குத் தகப்பனுடைய பெயரில் இருந்ததால் அவருக்கு அதை முறைப்படி வாசித்துக் காட்டவேண்டும். வழக்கறிஞருடைய அறையில் நாங்கள் நாலு பேர். மேசையில் தொலைபேசி, அதற்குள் மொழிபெயர்ப்பாளர். இவள் அந்தப் பகுதியை விட்டுவிடும்படி இங்கிலீசில் மெல்லக் கெஞ்சினாள். நிராகரித்த காரணமே அதுதான், விட்டால் அவருக்கு ஒன்றும் விளங்காது என்று வழக்கறிஞர் தலையைக் குனிந்துகொண்டார். தொலைபேசிக்குள் இருந்து ஒரு ஆணின் குரல், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், நல்ல தமிழில் சொன்னது: இரண்டாம் முறை வந்தது பற்றியும் அன்று நடந்தது பற்றியும் மகள் சொல்வதை ஏற்கமுடியவில்லை. முதல் விசாரணையில் இது சொல்லப்படவில்லை. பணம் சேர்க்கும் விருந்து ஒன்றில்தான் முதன்முதலாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே இது பின்னர் உண்டாக்கப்பட்ட கதை.

தகப்பன் மகளைப் பார்க்கவில்லை. தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் பக்கம் குனிந்து கேட்டார்:

"தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

அதற்குப் பதில் சொல்ல மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுமதி இல்லை. "மாதாவே" என்று சொல்லிக்கொண்டு அவர் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார். நான் இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன்.

நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார் வழக்கறிஞர். வருடக்கணக்காக இழுபடும் காரியம். அதுவரைக்கும் ஒரு புது விசா கொடுத்தார்கள். அதில் இரண்டு நிபந்தனைகள். வேலை செய்யக்கூடாது. படிக்கக்கூடாது. கடைசி வருடத்துக்கான புலமைப்பரிசில் அவளுக்குக் கிடைத்திருக்கிறது என்ற செய்தி அதே கிழமையில் வந்து சேர்ந்தது. அன்றைக்கு நான் சாமியறைக் கதவைச் சாத்திவிட்டேன். பிறகு திறக்கக் கனநாள் எடுத்தது.

பரிசிலை ஏற்கமுடியாது என்று சொல்வதற்கு அவளோடு நானும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கெரொலின் உண்மையாகவே துடித்துப்போனாள். எழுந்து வந்து இவளைக் கட்டிப்பிடித்தாள். ஒரு வருடம் தள்ளிவைக்கலாமா என்று யார் யாருக்கோ தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். முடியாது என்றார்கள். இந்த வருடமும் நன்கொடை போதவில்லையாம், இவள் விட்டால் இவளுடைய இடத்தையே மூடிவிடுவார்களாம், அச்சோலுடையதும் பாதியாகக் குறையுமாம். பிறகு கெரொலின் ஒன்று கேட்டாள். விருந்து அடுத்த மாதம். உனக்கு நடந்த இந்த அநியாயத்தை அவர்கள் கேட்டால் கட்டாயம் கொடுப்பார்கள். வந்து ஒருமுறை சொல்வாயா?

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். என் இங்கிலீஸ் கோபத்தில் உடைந்துவிடும், அதனால் தமிழிலேயே கத்தினேன். "வெக்கமில்லையோ உங்களுக்கு? இன்னும் என்னத்தை உரியப் பாக்கிறியள்?" கெரொலின் பயந்துபோய் இவளைப் பார்த்தாள். இவள் அதை மொழிபெயர்க்கவில்லை.

"இது வேலை எண்டு கணக்கில வராதுதானே?" என்று இங்கிலீசில் கேட்டாள். "எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை."

வராது என்றாள் கெரொலின்.

"அப்ப வாறன்."

திரும்பும்போது ரெட்பேர்ன் ஸ்டேசன் மேடையில் வைத்து அவளைத் திட்டினேன். உனக்கென்ன விசரோ, தகப்பன் வீட்டுக்குள்ளே சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடக்கிறார், மெல்பனுக்குப் போவோம், கிரான்பர்ன் பக்கம் ஆரும் எங்களைத் தெரியாத இடமாகப் பார் என்று அழுகிறார், நீ திரும்பவும் மேடை ஏறப்போகிறாயோ என்று கேட்டேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அச்சோலாவது முடிக்கட்டும் அக்கா. இன்னொரு பிள்ளையும் வரும்தானே, அதுவும் படிக்கட்டும்."

"அதுக்கு நீ என்னத்தைச் சொல்லுவாய், பிள்ளை? உன்னட்ட இனி என்ன கிடக்கு?"

"எல்லாம் சொல்லுவன். அப்பா கேட்டதையும் சொல்லுவன்." குரல் அப்போதும் சீராகத்தான் இருந்தது. "போன வருசம் அழாமச் சொன்னனான், ரெண்டு இடம் கிடைச்சது. இந்த முறை அழுதும் காட்டுறன். கூடக் குடுப்பினம்."

ரயில் வந்தது. நான் பென்டில் ஹில் வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.